ஒரு சக்கரம் தரையில் இல்லை

அத்தியாயம் 17

அன்றைக்கு யமுனா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வாரம் நாம் வேறு கதை பேசிக்கொண்டிருப்போம். சொல்லவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கத்தான் தோன்றும். கேட்பதற்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவது நியாயம்.

அரியமங்கலத்தில் பிச்சமுத்துவின் கிரில் பட்டறை. மூன்று மாதமாக ஒரு ஜன்னல் கம்பிக்குக்கூட ஆர்டர் இல்லை. காலையில் திறப்பார், ஸ்டூலைப் போட்டு உட்காருவார், சாயங்காலம் பூட்டிக்கொண்டு எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்குத் திரும்புவார். அப்படிக் கிடந்த மனிதரிடம்தான், இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற மகள் யமுனா, காலேஜ் டீமின் ரோபோவுக்கு அடிச்சட்டம் வெளியில் செய்யக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். மோட்டார், சக்கரம், பேட்டரி, சாமான் தூக்கும் கை, எல்லாவற்றையும் தாங்குகிற இரும்புக் கூடு அது. பிள்ளைகள் சேசிஸ் என்பார்கள்.

"அப்பன் பட்டறை வச்சிருக்கையில எம்பொண்ணு எதுக்கு வெளிய போய் நிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, அப்போதே எழுந்து வெல்டிங் மிஷினைத் துடைத்தார் பிச்சமுத்து.

இருபது வருஷமாகக் கேட் செய்த கை. தன் வழக்கப்படிதான் செய்தது. இரண்டு மில்லி கனமுள்ள குழாய் போதும் என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மீந்து கிடந்த மூன்று மில்லிக் குழாயை எடுத்தார். போல்ட் போடச் சொல்லியிருந்தார்கள். போல்ட் லூசாகிவிடும் என்று எல்லா மூட்டையும் முழுசாகப் பற்ற வைத்தார். அதற்கும் மேலே மூலைக்கொரு முக்கோணத் தகடு, யாரும் கேட்காமல், ஆசையாக.

ஒவ்வொரு மூலையாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்ற வைத்திருக்க வேண்டும். அவர் ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் போனார். சூட்டில் இரும்பு இழுத்து, சட்டம் லேசாக முறுக்கிக்கொண்டது. கேட் என்றால் கவலையே இல்லை, மாட்டும்போது கீலில் சரி செய்துவிடலாம். கேட் தொங்குகிற சாமான். இது நாலு சக்கரத்தில் நிற்க வேண்டிய சாமான்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் யமுனா சட்டத்தைத் தரையில் வைத்து ஒரு மூலையை அழுத்தினாள். எதிர் மூலை எழுந்தது. டேப்பை வைத்துப் பார்த்தாள். பதினோரு மில்லி.

டேப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அப்பா திரும்பி வந்தபோது வாய்க்குள் ஏதோ ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்தில் அவர் பாடிய முதல் பாட்டு அது. அதைக் கேட்டுக்கொண்டு இவள் எங்கே சொல்வது?

அதோடாவது நின்றாளா என்றால் அதுவும் இல்லை. எடை பார்த்தீர்களா என்று டீமில் கேட்டபோது, பாத்தாச்சு, சரியா இருக்கு என்றாள். பெயிண்ட் காயவில்லை என்று சொல்லிச் சொல்லியே சட்டத்தைப் பட்டறையில் வைத்திருந்தாள். மோட்டாரும் சக்கரமும் பூட்டியதே முந்தாநாள்தான்.

இன்றைக்கு ஆயுத பூஜை.

பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டியாயிற்று. மிஷின்களுக்கெல்லாம் திருநீறும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. கிரைண்டர், டிரில்லிங் மிஷின், சுத்தியல், இரும்பு அறுக்கிற ஹாக்ஸா எல்லாம் கழுவித் துடைத்து வாழையிலை மேல் வரிசையாக இருந்தன. நட்ட நடுவில், சாமி படத்துக்கு நேர் கீழே, கழுத்தில் சாமந்தி மாலையோடு ரோபோ. அதை அங்கே தூக்கி வைத்தவர் பிச்சமுத்துதான்.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பொரி வாங்க வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே கதையைச் சொன்னார். நாளைக்கு ஸ்ரீரங்கத்தில் போட்டி, புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்பதால் ஒரு பெரிய மண்டபத்தையே பிடித்திருக்கிறார்கள், எங்கெங்கிருந்தோ காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள், இந்த ஃபிரேம் மட்டும் நம்ம கை. யானை ஏறி நின்றாலும் அசையாது என்றார். யமுனா சுண்டல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த மாதிரி நின்றாள்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. போட்டி நடத்துகிறவர்கள் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் ரோபோவைத் தராசில் தொங்கவிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இருபது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. போன வருஷம் இதே காலேஜ் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. இந்த வருஷமும் திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷம் பெயர் கொடுக்கவே முடியாது. ஐந்து மணிக்குள் தாங்களே விலகிக்கொண்டால் அந்தத் தடை இல்லை.

ஆனால் யமுனாவுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. நாலு வருஷமும் அந்த லேபில் கிடந்தவள். அவளுக்கு இருப்பது நாளைக்கு ஒரு நாள்தான்.

இரண்டரை மணிக்கு வஹீதா வந்தாள். டீமில் இவளுக்கு ஒரு வருஷம் ஜூனியர், கணக்கெல்லாம் அவள்தான். பெட்டிகளை எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். பிச்சமுத்து அவளுக்கும் பொரி கொடுத்து, உங்க வாப்பா சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, தெருக்கோடி பட்டறையில் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் இரண்டு பேரும் மாலையைக் கழற்றி, ரோபோவைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார்கள். தராசில் எண் ஓடி ஓடி நின்றது. இன்னும் மாட்டாத கையின் எடையையும் வஹீதா கூட்டினாள். இருபத்து நாலு.

இறக்கித் தரையில் வைத்தார்கள். வஹீதா ஒரு விரலால் மூலையைத் தொட்டாள். ரோபோ கால் உடைந்த டீக்கடை பெஞ்சு மாதிரி டக்கென்று சாய்ந்தது. முன்பக்கத்து இடது சக்கரம் தரையைத் தொடவே இல்லை. அந்த மோட்டார் காற்றில் சுற்றும், ரோபோ ஒரு பக்கமாக இழுக்கும். போட்டியில் வைக்கிற சரிவு மேடையில் ஏறவே ஏறாது.

"அக்கா, பாத்தாச்சுன்னு சொன்னீங்கள்ல," என்றாள் வஹீதா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

லேப் சுவரில் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும். இரண்டு வருஷம் முன்னால் படித்து முடித்த சித்தார்த்தன், புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைத்துவிட்டுப் போனது. எதை வாங்குவதற்கு முன்னாலும் எடைக் கணக்குப் போடு. அட்டையில் செய்து பார்க்காமல் இரும்பைத் தொடாதே. எப்படியும் பத்துத் தடவை கழற்றப் போகிறாய், போல்ட் போடு. பேட்டரி கீழே இருக்கட்டும். கடைசி இரண்டு வாரம் ஓட்டிப் பழக மட்டும். அதற்கும் அடியில், பேனா மாற்றி எழுதியது: தப்பு தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஜூலையில் அந்தப் பேப்பர் கிழிந்தபோது புது டேப் போட்டு ஒட்டியவளே யமுனாதான். அது ஞாபகம் வந்து அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மீதிப் பேரிடம் பேசிவிட்டு ஐந்துக்குள் கூப்பிடுகிறேன் என்று வஹீதா கிளம்பினாள். ரோபோவின் கையும் லேப்டாப்பும் டீமில் இருக்கிற ஜெபராஜ் வீட்டில் இருந்தன. தராசை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

மணி மூன்று. யமுனா வாழையிலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஹாக்ஸாவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கைய எடு."

அம்மா மலர்க்கொடி பின்னால் நின்றாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலையில் தீபம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். அந்தத் தெருவில் அன்றைக்கு ஒரு மிஷின்கூட ஓடவில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அரியமங்கலத்தில் காக்கா கத்துவது காதில் விழும்.

யமுனா விஷயத்தைச் சொன்னாள். எடை, சக்கரம், ஐந்து மணி, எல்லாவற்றையும். மலர்க்கொடிக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

"மூணு மாசமா உங்கப்பா மொகத்த நீ காலேஜ் போற வரைக்குந்தான் பாக்கற. மிச்ச நேரம் நான் பாக்கறேன்," என்றாள் அம்மா. "சமயபுரத்துக்கு நடந்து போயிட்டு வந்தாச்சு. இந்த ஒரு நாளாச்சும் ஒழுங்கா கும்பிட்டா நாலு வேலை வராதான்னு இருக்கேன். அதையும் கெடுத்துடாத யமுனா."

யமுனா கையை எடுத்துவிட்டாள். எடுக்காமல் என்ன செய்வாள்? அம்மா கேட்டதிலும் தப்பில்லை. அறுத்தால் அம்மாவின் நம்பிக்கை போகும், அறுக்காவிட்டால் தன்னுடைய நாலு வருஷம் போகும். அவள் அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிச்சமுத்து உள்ளே வந்தது அப்போதுதான். மாலை ஒரு பக்கம் கிடந்தது, ரோபோ தரையில் இருந்தது, மகள் அழுகிற முகத்தோடு இருந்தாள். அவர் குனிந்து ஒரு மூலையை அழுத்தினார். எதிர் மூலை எழுந்தது. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, இவள் வைத்துப் பார்த்த அதே இடத்தில் வைத்துப் பார்த்தார்.

ரொம்ப நேரம் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் கேட்டார்.

"நீ அன்னைக்கே பாத்துட்டியா பாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். பத்து நாளாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்.

"பாத்தேம்ப்பா."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க பாடிக்கிட்டு இருந்தீங்க."

பிச்சமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், முகம் முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். தன் கை வேலையை ஒருவர் குறை சொன்னால் சண்டைக்குப் போகிறவர். இன்றைக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றார்.

"இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடும்மா," என்றார் கடைசியில். "நான் தாங்கிக்குவேன். தெரியாம பெருமை பேசிக்கிட்டுத் திரியறதுதான் கேவலமா இருக்கு."

சரிப்பா என்றாள் யமுனா. வாசகர்கள் இந்த 'சரிப்பா'வை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எடையும் நாலு கிலோ கூட என்று அப்போதே சொன்னாள், ஐந்து மணிக் கெடுவை மட்டும் விட்டுவிட்டாள். அவர் செருப்பைக் கழற்றினார். வாழையிலைக்கு முன்னால் போய் ஒரு கும்பிடு போட்டார். கிரைண்டரை எடுத்தார். அதன் மேலிருந்த குங்குமப் பொட்டைத் துடைக்க மனசு வரவில்லை போலிருக்கிறது, அப்படியே பிளக்கைச் சொருகினார். "ஏங்க" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள் மலர்க்கொடி. அவர் திரும்பவில்லை. அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டே சுவரோரம் நகர்ந்துவிட்டாள்.

தெருவே அமைதியாக இருந்த நேரத்தில் ஒரு கிரைண்டர் மட்டும் கத்தியது. எதிர்ப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போனார்கள்.

முதல் மூட்டை அறுத்ததுமே சட்டம் டங்கென்று துள்ளி வாயைப் பிளந்துகொண்டது. உள்ளுக்குள் அத்தனை இழுப்பு. இனி அதை நேராக்கித் திரும்பப் பிடிக்க வேண்டும். முக்கோணத் தகடுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். ஆசை ஆசையாக வைத்த தகடுகள். நாலையும் சேர்த்துத் தராசில் மாட்டினாள் யமுனா. ஒரு கிலோ.

இன்னும் மூன்று கிலோ இருந்தது. குழாயையே மாற்றினால் உண்டு. மாற்றுவதற்குப் பட்டறையில் ஒரு முழம் இரண்டு மில்லிக் குழாய் இல்லை. வாங்கலாம் என்றால் ஆயுத பூஜையன்று எந்த இரும்புக் கடை திறந்திருக்கும்? நாளைக்கு விஜயதசமி, அதுவும் கிடையாது.

பிச்சமுத்து மூக்கைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு டிரில்லிங் மிஷினையும் எடுத்தார். குழாய் நெடுகிலும் ஓட்டை போட்டுக்கொண்டே போனால் எடை குறையுமா குறையாதா என்று கேட்டார். குறையும் என்றாள் யமுனா. அதில் தப்பொன்றும் இல்லை, பெரிய டீம்கள்கூட அப்படிச் செய்வதுண்டு. பெரிய பிட்டாகப் பார்த்து மாட்டினார்.

ஒரு ஓட்டைக்கு ஐந்து கிராம் போகும். யமுனாவின் மனசு கேட்காமலே கணக்குப் போட்டது. மூன்று கிலோவுக்கு அறுநூறு ஓட்டை. அறுநூறு ஓட்டை போட்ட குழாய் சல்லடை மாதிரி இருக்கும், பேட்டரியை வைத்தால் மடங்கிவிடும்.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. அவள் வாசலுக்கு வந்து வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தாள்.

வஹீதா சுற்றி வளைக்கவில்லை. நாலு பேரும் பேசியாயிற்று, நீங்கள்தான் கேப்டன், நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம் என்றாள். ஐந்து மணிக்குள் சரியாகிவிடுமா என்று கேட்டாள். அவள் குரலில் கொஞ்சம் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. யமுனாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

உள்ளே டிரில் ஓடுகிற சத்தம் கேட்டது. சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லி, ஏதோ ஒரு படத்தை அனுப்பிவைத்தாலும் நாளைக் காலையில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் தராசு உண்மையைச் சொல்லும். அப்புறம் வஹீதாவுக்கும் அடுத்த வருஷம் இருக்காது. ஒரு பொய்க்கு இவ்வளவு, இன்னொரு பொய்க்கு எவ்வளவோ.

"ஆகாது வஹீதா," என்றாள். "விலகிடுங்க. என்னாலதான்னு எல்லார்ட்டயும் சொல்லிடு."

சரிக்கா என்றாள் வஹீதா. போன் வைக்கப்பட்டது. நாலு வருஷம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று.

திரும்பினால் மலர்க்கொடி நின்றுகொண்டிருந்தாள், கையில் பொரித்தட்டோடு. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அப்ப நாளைக்குப் போட்டி இல்லையா?"

இல்லை என்று யமுனா தலையை ஆட்டினாள்.

அம்மாவின் குரல் கிட்டத்தட்டக் காற்றாகிவிட்டது. "அப்பறம் எதுக்குடி அந்த மனுசன் சாமி முன்னாடி வச்சத எடுத்தாரு?"

அம்மா திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். திட்டவும் இல்லை. தட்டைக் கீழே வைத்தாள், உள்ளே போனாள், அணையப் போன விளக்குக்கு எண்ணெய் விட்டாள். அவரிடம் நீயே சொல், நான் சொல்ல மாட்டேன் என்பது மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் யமுனா உள்ளே போனாள். வாக்குக் கொடுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

பிச்சமுத்து சட்டத்தைத் தரையில் சாய்த்துவைத்து, குழாயைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். வேட்டியெல்லாம் இரும்புச் சுருள். மகளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார். இன்னாசிராஜிடம் சொல்லிவிட்டேன், காலையில் ஆறு மணிக்கு லோடு ஆட்டோ வந்துவிடும் என்றார். ராத்திரி பூரா உட்கார்ந்தால் முடித்துவிடலாம் என்றார். ஒன்றும் பயப்பட வேண்டாம் என்றார்.

"நானும் ஸ்ரீரங்கம் வரேன் பாப்பா. ஃபிரேம்ல இது ஏன் இப்படி இருக்குன்னு அங்க யாராச்சும் கேட்டா, புள்ளைங்க சரியாத்தான் சொன்னாங்க, தப்பு பண்ணது நான்தான்னு சொல்லிக்கிறேன். உன்னைய யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

யமுனா வாயைத் திறந்தாள்.

"என்னம்மா?"

சாமி விளக்குக்கு முன்னால் அம்மாவின் முதுகு அசையவில்லை.

"ஒண்ணும் இல்லப்பா."

"அப்ப வந்து இந்த முனைய ஆடாம புடி. எத்தன ஓட்ட ஆச்சுன்னு எண்ணிட்டே வா, எனக்கு வுட்டுப்போயிடுது."

அவள் மண்டி போட்டு உட்கார்ந்து குழாயின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஏற்கெனவே போட்டிருந்த ஓட்டைகளை விரலால் தொட்டு எண்ணினாள். பதினாலு. டிரில் திரும்ப ஓட ஆரம்பித்தது. இரும்புத் தூள் சூடாகக் கையில் விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"எத்தன?" என்றார் பிச்சமுத்து.

"பதினஞ்சுப்பா."